தேரூர்க் குளத்தங்கரையில்



கோட்டாற்றுச் சந்தையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் சுசீந்திரத்துத் தாணுமாலயன் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிய அதிக நேரம் ஆகாது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் இருப்பது தேரூர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876ஆம் ஆண்டில் பிறந்த ஊர் அது என்பதை உங்கள் தமிழாசிரியர் சொல்லியிருப்பார். அவ்வூருக்கு இன்னொரு செல்வமும் உண்டு. அதுவே தேரூர்க் குளம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து 1983ஆம் ஆண்டில் பணியேற்ற நாள்தொட்டு, தலைமையாசிரியராக இருந்து 2018ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற பின்னரும், அக்குளத்தின் கரைக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன். அங்கே நான் கற்றவற்றையும், கற்கத் தவறிய ஒன்றையும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

விஞ்ஞான ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாய்களும் வெள்ளை அங்கியும் உங்கள் நினைவுக்கு வரும். காட்டுப் பறவைகளின் வாழ்க்கையை ஆராய்வதற்கு அவை பெரும்பாலும் தேவையில்லை. கூண்டிலடைத்த பறவை தன் வாழ்க்கையை நமக்குக் காட்டாது. அது எங்கே இரை தேடுகிறது, யாரோடு கூடுகிறது, எத்தனைக் குஞ்சுகளைக் காப்பாற்றுகிறது, எப்போது எதனால் மடிகிறது என்பனவற்றை அறிய, நாம்தான் அதன் இருப்பிடத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். இதற்குக் கள ஆராய்ச்சி என்று பெயர்.

நான் பணியேற்ற சில ஆண்டுகளில் நடந்த ஒரு செய்தி. ஆடி மாதத்தில் மாணவர் சிலரைத் தேரூருக்கு அழைத்துச் சென்றேன். தாமரை இலைகளின்மேல் ஒரு பறவை நடந்துகொண்டிருந்தது. உடல் கரும்பழுப்பு, முகமும் சிறகும் வெண்மை, பிடரியில் பொன்னிறம், அரிவாள்போல் வளைந்த நீண்ட கரிய வால். அதன் கால்விரல்கள் மிக நீளமானவை. ஆகையால் உடற்பாரம் பல இடங்களில் பரவி, இலை நீரில் ஆழ்வதில்லை. நீளவால் இலைக்கோழி என்று அதற்குப் பெயர் சொன்னேன். மார்கழியில் மறுபடியும் போனோம். வாலில்லாத, வயிறு வெளுத்த ஒரு பறவை அதே இலைகளில் நடந்தது. “இது வேறு இனம்” என்று சொல்லிவிட்டேன். ஒரு மாணவன் மட்டும், “விரல் அதே விரலாக இருக்கிறதே, சார்” என்றான். “வாலைப் பார், விரலைப் பார்க்காதே” என்று அவன் வாயை அடைத்தேன். பின்னர் நூலைப் புரட்டியபோது உண்மை தெரிந்தது. இனப்பெருக்கக் காலம் கழிந்ததும் இப்பறவை இறகுதிர்த்து அந்த நீண்ட வாலை இழந்துவிடும். இரண்டும் ஒன்றேதான். மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி, “நீ சொன்னதே சரி” என்றேன். ஆசிரியருக்கு அது சற்றுக் கசப்பான மருந்துதான். ஆயினும் உடம்புக்கு நல்லது.

இப்பறவையின் குடும்ப வாழ்க்கை இதைவிட வியப்பானது. தேரூரில் தாமரைப்பூப் பறிக்கும் முதியவர் ஒருவர் எனக்கு முதலில் அதைச் சொன்னார். “பெரியது முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், சாரே. சிறியதுதான் கிடந்து காக்கும்” என்றார். பெரியது பெண், சிறியது ஆண். பெண் நான்கு முட்டைகளை இட்டு ஆணிடம் ஒப்படைத்துவிட்டு, வேறோர் ஆணோடு கூடி அதற்கும் முட்டையிடப் போய்விடுகிறது. ஏறத்தாழ 26 நாள் அடைகாப்பதும், பொரித்த குஞ்சுகளை இலைக்கு இலை நடத்திச் சென்று காப்பதும் தந்தையின் கடமை. இவ்வாறு ஏன் நிகழ்கிறது? மிதக்கும் இலைகளின்மேல் உள்ள கூடு மழை வெள்ளத்தில் எளிதாக அழிந்துவிடும். பாம்பும் பருந்தும் முட்டைகளைக் கவர்ந்துவிடும். ஆகவே இழந்த முட்டைகளுக்கு ஈடாகப் பெண் விரைவில் மீண்டும் முட்டையிடக்கூடியதாக இருத்தல் நலம் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

முதியவர் கண்டறிந்ததையும் விஞ்ஞானிகள் நிறுவியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள். ஆனால் ஒரு பெண் எத்தனை ஆண்களுக்கு முட்டையிடுகிறது, அவற்றுள் எத்தனை முட்டைகள் குஞ்சாகின்றன என்று கேட்டால், ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே அடையாளம் கண்டாலன்றி விடை கிடைக்காது. ஐம்பது இலைக்கோழிகளும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன அல்லவா? இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்த பெருமை ஒரு பள்ளி ஆசிரியரைச் சேரும் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

டென்மார்க்கு நாட்டில் வீபோர் என்னும் ஊரில் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் இருந்தார். மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளின் காலில் வளையம் மாட்டிப் பார்த்தார். முதலில் துத்தநாக வளையம் செய்தார்; அது கனமாக இருந்தது. பின்னர் அலுமினியத்தைப் பயன்படுத்தினார். 1899ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட பறவைகளுக்கு, ஊரின் பெயரும் எண்ணும் பொறித்த வளையங்களை அணிவித்துப் பறக்கவிட்டார். இன்று உலகெங்கும் நடைபெறும் வளையமிடும் ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம். எண் இட்ட பறவை அந்தக் கணமே கூட்டத்திலிருந்து பிரிந்து ஒரு தனி ஆளாகிவிடுகிறது. அதற்கு ஒரு வரலாறு உண்டாகிறது.

நம் நாட்டில் 1883ஆம் ஆண்டில் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியை ஏற்றது. 1957ஆம் ஆண்டில் மைசூர் மலைநாட்டுக் காட்டில் கியாசனூர்க் காய்ச்சல் என்னும் கொடிய நோய் கண்டறியப்பட்டது. உண்ணிகளால் பரவும் அந்நோயை வலசைப் பறவைகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராய உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959ஆம் ஆண்டில் பெரிய அளவில் வளையமிடும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு முக்கியமான களம் கோடியக்கரை.

இக்கழகத்தின் பெயரோடு பிரியாதவர் டாக்டர் சாலிம் அலி. அவர் 1930ஆம் ஆண்டில் வேலையின்றி இருந்த காலத்தில், பம்பாய்க்குத் தெற்கே கிஹீம் என்னும் கடற்கரை ஊரில் தூக்கணாங்குருவிகளின் கூடுகளை நாள்தோறும் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் வந்து சோதித்துப் பிடித்தால் குடியேறுகிறது. பிறகு ஆண் அக்கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்பார்க்கிறது. நம் தோவாளைப் பக்கத்துப் பனைகளில் பாதியில் நின்ற கூடுகளைக் கண்டு, “சோம்பேறிக் குருவி” என்று நாம் சிரிக்கிறோமே, அவை எந்தப் பெண்ணும் ஏற்காத கூடுகள்.

1933ஆம் ஆண்டில் அவர் தம் மனைவி தெஹ்மினாவுடன் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார். அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்தது. ஆகையால் நம் ஆரல்வாய்மொழிக்கும் குமரி முனைக்கும் அவர் வந்தார். அக்காலத்து முறைப்படி பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து, இடம், நாள், இரைப்பையில் இருந்த உணவு, இனப்பெருக்க நிலை ஆகியவற்றைச் சீட்டில் எழுதிவைத்தார். சுடுவது இன்று நமக்கு உவப்பாக இராது. ஆனால் அந்தச் சீட்டுகள் இன்றும் பேசுகின்றன. அந்த ஆராய்ச்சியின் பயனாக எழுந்த நூல் 1953ஆம் ஆண்டில் ‘திருவிதாங்கூர் கொச்சிப் பறவைகள்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு வெளிவந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நாம் தமிழகத்தோடு இணைந்தோம். 1969ஆம் ஆண்டில் அந்நூல் மறுபதிப்பானபோது ‘கேரளத்துப் பறவைகள்’ என்று பெயர் மாறியது. எல்லைக் கற்களைப் பறவைகள் பொருட்படுத்தவில்லை, பதிப்பகத்தார் பொருட்படுத்தினார்கள்.

இனி, என் தவறைச் சொல்கிறேன்.

1986ஆம் ஆண்டு, தை மாதம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் காகிதத்தில் பொதிந்த ஒரு பொருளை என் மேசைமேல் வைத்தான். அலுமினிய வளையம். அவன் வீட்டார் வயலோரத்தில் கண்ணி வைத்துப் பிடித்த வாத்தின் காலில் இருந்ததாம். வாத்து குழம்பாகிவிட்டது. எத்தகைய வாத்து என்று கேட்டேன். சிறியது, சிறகில் சாம்பல் நீலம் இருந்தது என்றான். நீலச்சிறகு வாத்தாக இருக்கலாம் என்று ஊகித்தேன். அது ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் முட்டையிட்டு, குளிர்காலத்தில் நம் குளங்களுக்கு வருவது.

வளையத்தில் ஆங்கில எழுத்தில், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்குமாறு ஒரு வேண்டுகோளும், அருகே ஓர் எண்ணும் பொறித்திருந்தன. ஓர் அஞ்சலட்டை போதும். எண், பிடிபட்ட இடம், நாள், இவ்வளவே எழுத வேண்டியவை. அன்று தேர்வுத்தாள் திருத்தும் வேலை இருந்தது. நாளை எழுதலாம் என்று எண்ணினேன். மறுநாள் வேறொரு வேலை. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு எளிதாக இருக்கும் என்று வளையத்தை என் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன். எல்லா வகுப்பிலும் காட்டினேன். வெகு பெருமையாக இருந்தது.

2001ஆம் ஆண்டில் கோடியக்கரைக்கு மாணவர்களோடு போனேன். விடியுமுன் சதுப்பு நிலத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நைலான் வலைகள் நட்டிருந்தன. பிடிபட்ட பறவை ஒவ்வொன்றையும் சிறு துணிப்பையில் இட்டு எடை பார்த்தார்கள், சிறகையும் அலகையும் அளந்தார்கள், இறகுதிர்வைக் குறித்தார்கள், வளையமிட்டு விட்டுவிட்டார்கள். இப்பணிக்குப் பீகார் நாட்டு மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை வேடர்களின் கைத்திறனையும் கழகத்தார் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். கொல்லக் கற்ற கை, இறகு ஒன்றும் கெடாமல் விடுவிக்கக் கற்றது! ஒரு கொசு உள்ளானை என் உள்ளங்கையில் வைத்தார்கள். சிட்டுக்குருவியளவு கனம்தான். ஆர்க்டிக் கரையில் பிறந்து கோடியக்கரைக்கு வந்தது. அதன் இதயத் துடிப்பு என் விரலுக்குத் தெரிந்தது. திரும்பிப் போகும் பருவத்தில் இப்பறவைகள் கொழுப்பைச் சேர்த்து எடை கூடும் என்றும், சேற்றில் இரை குறைந்த ஆண்டில் அந்த எடை கூடாவிட்டால் வழியில் மடிந்துபோகும் என்றும் விளக்கினார்கள்.

அப்போது என் சாவிக்கொத்தை எடுத்து அங்கிருந்த இளம் ஆராய்ச்சியாளரிடம் நீட்டினேன். அவர் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். பதினைந்து ஆண்டுகள் இரும்புச் சாவிகளோடு உரசியதில், மிருதுவான அலுமினியம் தேய்ந்து, எண்ணில் சில இலக்கங்களே எஞ்சியிருந்தன. “முழு எண் இல்லாமல் ஒன்றும் செய்ய இயலாது, ஐயா” என்றார். குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கோ ஒருவர் பனியில் நின்று அந்த வாத்தைப் பிடித்து, எடை பார்த்து, எண்ணை ஏட்டில் எழுதியிருப்பார். அந்த ஏட்டில் அதன் எதிரே உள்ள இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கும். வாத்தைக் கொன்றது பசித்த ஒரு குடும்பம். அதன் வரலாற்றைக் கொன்றவன் படித்த ஆசிரியன். அந்த வளையம் இன்றும் என்னிடம் இருக்கிறது. சாவிக்கொத்தில் அன்று, மேசை இழுப்பறையில்.

எழுதாமற் போன ஒரு எண்ணால் என்ன நேர்ந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். எழுதிவைத்த எண் என்ன செய்யும் என்பதைப் பிணந்தின்னிக் கழுகுகளின் கதையிலிருந்து காணுங்கள். இராஜஸ்தானத்தில் பரத்பூர்ச் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர் 1980களில் கழுகுகளின் கூடுகளைக் கணக்கெடுத்து வைத்திருந்தார். அப்போது கழுகு மலிந்திருந்த காலம். காக்கையை எண்ணுவதுபோல இது என்ன வேலை என்று சிலர் நினைத்திருக்கவும் கூடும். 1990களின் பிற்பகுதியில் அவர் மீண்டும் எண்ணியபோது பெரும்பகுதி மறைந்திருந்தது. மரங்களில் கழுகுகள் தலை தொங்கிச் செத்துக்கொண்டிருந்தன. பழைய கணக்கு இருந்ததனால்தான் அழிவின் அளவு தெரிந்தது. பாக்கிஸ்தானத்தில் நடந்த ஆராய்ச்சி காரணத்தைக் கண்டுபிடித்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. மாடுகளின் வலிக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே கழுகின் சிறுநீரகத்தைப் பாழாக்கியது. 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்தை வழங்குவதை இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகு நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. தமிழ்நாட்டில் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் சில இன்னும் வாழ்கின்றன.

நம் தேரூருக்குத் திரும்புவோம். 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் நாடுகள் கூடிச் சதுப்பு நிலங்களைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்தன. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள், ஏறத்தாழ 94 ஹெக்டேர் பரப்பு, 2022ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றன. நம் மாவட்டத்து வேம்பனூரும் அதே ஆண்டில் சேர்ந்தது. பெருமைதான். ஆயினும் பட்டியலில் ஏறியதனால் குளம் தன்னைத்தானே காத்துக்கொள்ளாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளைந்த வயல்கள் பல இன்று தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. குளத்தில் இரவு தங்கிப் பகலில் வயலில் மேய்ந்த கொக்குகளும் நாரைகளும் அந்த வயல்களை இழந்தன.

தாமரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பூவுக்காகக் குளம் முழுவதும் தாமரையை விட்டுவிட்டால், திறந்த நீர் வேண்டிய ஊசிவால் வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் இடமிராது. தாமரையே கூடாது என்று களைந்துவிட்டால், இலைக்கோழிக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் தரையே போய்விடும். எவ்வளவு இருக்கலாம்? பறவை அன்பரும் பூ வியாபாரியும் கரையில் நின்று வாதாடினால் இதற்கு விடை கிடைக்காது. இத்தனைப் பரப்பில் தாமரை இருந்த ஆண்டில் இத்தனைக் கூடுகள், இத்தனை வாத்துகள் என்று பத்தாண்டு எழுதிய நோட்டுப் புத்தகம்தான் விடை சொல்லும். என்னிடம் உள்ள நோட்டுகளில் முதல் பதினெட்டு ஆண்டுகளுக்கு உரியவை பயன்படா. “இன்று ஏராளமான வாத்துகள், அழகான காட்சி” என்றே எழுதியிருக்கிறேன். ஏராளம் என்றால் எவ்வளவு? நானே அறியேன். கோடியக்கரைக்குப் போய்வந்த பிறகே என் நோட்டில் எண்கள் வந்தன.

எண்ணுவது எளிது. கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை மனத்தில் கொண்டு, அதுபோல் எத்தனைப் பத்துகள் கூட்டத்தில் உள்ளன என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே நேரத்தில் நில்லுங்கள். நாள், மணி, நீர்மட்டம் ஆகியவற்றை எழுதுங்கள். வழக்கமாக வரும் பறவை வராவிட்டால், “இல்லை” என்று மறவாமல் எழுதுங்கள். வகுப்பு வருகைப் பதிவேட்டில் வந்தவருக்கு மட்டும் குறியிட்டு, வராதவரின் பெயரையே விட்டுவிட்டால் அது பதிவேடாகுமா? கூட்டின் அருகே மட்டும் போகாதீர்கள். உங்களைக் கண்டு தந்தைப் பறவை எழுந்துபோன சிறிது நேரத்திலேயே முட்டைகள் வெயிலுக்கோ காக்கைக்கோ இரையாகிவிடும்.

1987ஆம் ஆண்டு முதல் ஆசிய நாடுகளில் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையில் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள். அதில் யாரும் சேரலாம். இவ்வாறு பொதுமக்கள் எழுதியனுப்பிய குறிப்புகளைக் கொண்டே 2023ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகள் 942 இனங்களின் நிலையை ஆராய்ந்தார்கள். அவற்றுள் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று கண்டார்கள்.

வளையமிட்ட பறவை உயிரோடு கண்ணில் பட்டால், தொலைநோக்கியால் எண்ணையோ, வண்ண வளையமாயின் அதன் நிறத்தையும் அது எந்தக் காலில் உள்ளது என்பதையுமோ குறித்துக்கொள்ளுங்கள். இறந்து கிடந்தால் வளையத்தைப் படமெடுங்கள். இடமும் நாளும் சேர்த்து, மும்பையிலுள்ள அதே கழகத்துக்கு அன்றே தெரிவியுங்கள். அன்றே என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

பொங்கல் விடுமுறை நாள்களில் காலை ஆறரை மணிக்கு நான் தேரூர்க் குளத்தின் கரையில் இருப்பேன். என் தொலைநோக்கி பழையது. ஒரு கண்ணில் சற்று மங்கல். இரண்டு பேர் மாறி மாறிப் பார்க்கலாம். நோட்டும் பென்சிலும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.